நாஷ்டா ஆச்சா?

கும்மிடிப்பூண்டியில் காலை நேரத்தில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்வி, "நாஷ்டா ஆச்சா?" பால் ஊற்றுகிறவர் கேட்பார். ஷேர் ஆட்டோவில் நகர்ந்து இடம் கொடுக்கும் முன்பின் தெரியாத ஆள் கேட்பார். ஆச்சு என்றாலும் இல்லை என்றாலும் ஒன்றுதான். கேட்டவர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். ஆனால் எங்கள் தெருவில் லாரி டிரைவர்களின் வீடுகள் உண்டு. அந்த வீடுகளில் போன் அடித்து, டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் அம்மாவின் குரல் "நாஷ்டா ஆச்சா கண்ணு?" என்று கேட்டால், எடுத்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவார்.

நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீசில் போன் எடுக்கும் வேலை அந்த அம்மாவுக்கு. அந்த ஆபீசின் லாரிகள் எங்கள் ஊர் ஆலைகளிலிருந்து இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு வடக்கே, மலையைக் குடைந்து சாலை போடுகிற இடங்களுக்குப் போகும். இங்கே நாம் ஃபேனைக் கொஞ்சம் குறைத்து வைக்கிற மாதங்களில் அங்கே டீசல் உறையும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டி நிற்குமே, அதுபோல டேங்கிலும் குழாயிலும் மெழுகாகத் திரண்டு ஃபில்டரை அடைத்துக்கொள்ளும். ராத்திரி அணைத்த வண்டி காலையில் கிளம்பாது. கிளம்பவில்லை என்ற தகவல் விடிந்த பிறகு வரும். அதனால் கெட்ட சேதியெல்லாம் எங்கள் ஊருக்கு நாஷ்டா வேளையில்தான் வந்து சேர்ந்தது. வண்டி கிளம்பாதது சேதியே அல்ல. கிளம்பாத வண்டிக்குள் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் சேதி.

அதை வீடுகளுக்குச் சொல்லும் வேலையை யாரும் அவருக்குக் கொடுக்கவில்லை. முதலாளிக்குச் சொல்ல வாய் வரவில்லை. மேனேஜர் வண்டி, சரக்கு, இன்சூரன்ஸ் என்று ஆரம்பித்து ஆள் பற்றிச் சொல்லாமலே முடித்துவிடுவார். கடைசியில் போன் யார் கையில் இருந்ததோ அவர் தலையில் விழுந்தது. அவர் உடனே சொல்லமாட்டார். சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார். இல்லை என்றால், "மொதல்ல துன்னுட்டு கூப்புடு" என்று வைத்துவிடுவார். திரும்பக் கூப்பிட்டுக் கெஞ்சினால், "சேதி எங்க ஓடிடப் போவுது? இட்லிதான் ஆறிப்பூடும்" என்பார்.

பெண்கள் சீக்கிரமே இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கேட்டவுடன் "ஆச்சுக்கா, ஆச்சு" என்று பொய் சொல்லிவிடுவது. அது அவரிடம் நடக்கவில்லை.

"இன்னா துன்ன?"

"இட்லிக்கா."

"தொட்டுக்க?"

இட்லி வரை தாண்டிவிடுவார்கள். சட்னியில் மாட்டிக்கொள்வார்கள். மனசு முழுக்க மலைமேல் இருக்கும்போது தக்காளியா தேங்காயா என்று சட்டென்று சொல்ல வராது. அந்தத் தயக்கம் போதும் அவருக்கு. "போ, போயி ஒரு வாய் துன்னுட்டு வா. நான் எங்கியும் போவல."

ஐம்பதைத் தாண்டியவர். கனத்த உடம்பு. நடக்கும்போது நாற்காலி, மேசை, சுவர் என்று எதையாவது பிடித்துக்கொண்டேதான் நடப்பார். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. அவர் குடும்பம் ஒரு காலத்தில் நாற்று நட்ட நிலத்தின் மேல்தான் இப்போது ஒரு உருக்காலை நிற்கிறது என்பார்கள். அவரிடம் அதைப் பற்றிக் கேட்டால், "ஆமா, அங்க ஒரே சேறு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆபீஸ் பெருக்க வந்தவர். ஒருநாள் எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தபோது விடாமல் அடித்த போனை எடுத்தார். பிறகு அது அவர் கையை விட்டுப் போகவில்லை.

பனியை அவர் பார்த்ததில்லை. வடக்கே நெல்லூர்தான் எல்லை. அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. ஆனால் டிரைவர்களுக்குக் குளிரைப் பற்றிப் பாடம் நடத்துவது அவர்தான். இன்ஜின் தெரிந்து அல்ல. ஷெட்டில் இருந்த மெக்கானிக் திரும்பத் திரும்பக் கத்தியதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. மெக்கானிக் கத்தினால் யாரும் கேட்கமாட்டார்கள். இவர் சொன்னால் கேட்டுத் தொலைப்பார்கள்.

டீசல் உறையாமல் இருக்க ஊற்றுகிற திரவத்தை எங்கள் ஊரில் மருந்து என்பார்கள். வெயில் கொளுத்தும்போதே அட்டைப்பெட்டிகளில் வந்து அவர் மேசைக்குக் கீழே அடுக்கியிருக்கும். ஒவ்வொரு வண்டிக்கும் எண்ணிக் கொடுப்பார். "காய்ச்சல் வந்தப்புறம் குடிக்கற மருந்து இல்ல இது. வராம குத்திக்கிற ஊசி. குளுருக்கு முன்னாடி ஊத்து. ஒறஞ்சப்புறம் ஊத்தினா உன் தலயில ஊத்திக்கினாப்பல."

ஆந்திராப் பக்கத்து டிரைவர் ஒருவர் கொடுத்த பாட்டிலைக் கொடுத்தபடியே, சீல்கூட உடைக்காமல், மேலே குங்குமப் பொட்டு வைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். டேஷ்போர்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துத் தினமும் ஊதுவத்தி காட்டினாராம். வண்டி ஒரு பகல் முழுக்க மலையில் நின்றிருக்கிறது.

"நான் தொடவே இல்லக்கா. ஆபீஸ் பொருளுன்னு பத்திரமா வச்சிக்கினு வந்தேன்."

"நைனா, இது இன்னா திருத்தணி பிரசாதமா? ஊட்டுக்கு எட்த்தும் போயி உம் பொண்டாட்டி கையில குடு. அவளாவது ஊத்துவா."

டிரைவர்கள் விடாமல் செய்த இன்னொரு தப்பு, கேன்களில் கீழே சமவெளியில் கிடைக்கிற டீசலை நிரப்பி மேலே கொண்டுபோவது. மலையில் இருக்கும் பங்க்குகளில் குளிருக்குத் தோதான டீசல் கிடைக்கும். ஆனால் தெரியாத ஊர் பங்க்கில் தண்ணி கலப்பான் என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு சந்தேகம். நம்ம டீசல் நம்ம டீசல்தான் என்று பெருமையாகச் சுமந்துபோய் அங்கே கட்டியாக்கிவிட்டு நிற்பார்கள். இதற்காக அவர் போடாத சண்டை இல்லை.

சாவியை ஒரு கட்டம் திருப்பினால் ஹீட்டர் விளக்கு எரியும். உள்ளே போகும் காற்றைச் சூடாக்குகிற ஹீட்டர். விளக்கு அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். எங்கள் ஊர் வெயிலில் அந்த விளக்கு எரிந்ததை யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். காத்திருக்கும் பழக்கமே கிடையாது. குளிரில் கை நடுங்கத் திருப்பித் திருப்பி பேட்டரியையும் தீர்த்துவிடுவார்கள். அவர் போனில் சொல்லுவார்: "ஒரு பரமண்டல ஜெபம் முழுசா சொல்லு. ஆமென் வந்தப்புறம் திருப்பு."

"எனக்கு அது தெரியாதேக்கா."

"திருத்தணி தெரியுமா? மனசுக்குள்ள படி ஏறு. மூச்சு வாங்குனா நில்லு. அப்பால திருப்பு."

இதெல்லாம் சிரிக்கிற விஷயங்கள். ஊரில் அவரைப் பற்றிச் சிரித்துப் பேசினார்கள்தான். ஆனால் யாரும் அவரோடு அதிகம் நெருங்கவில்லை. சந்தையில் அவர் எதிரே வந்தால் டிரைவர் வீட்டுப் பெண்கள் அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கையில் போன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

தேர்வாய் கண்டிகையில் நான் வேலை பார்க்கும் குழாய்க் கம்பெனியில், என் பிரிவில் பேக்கிங் செய்கிறவர் பொதட்டூர்பேட்டைக்காரர். அவர் தங்கை கணவர் இந்த டிரான்ஸ்போர்ட்டில் டிரைவராக இருந்தார். மலையில் வண்டி நின்றுபோன ஒரு காலையில், சீட்டில் உட்கார்ந்தபடியே மாரடைத்து இறந்துபோனார். அந்தச் சேதியை அந்த அம்மா போனில் சொல்லவில்லை. பஸ் மாறி மாறி பொதட்டூர்பேட்டைக்குப் போனார். வழியில் வந்ததாகச் சொல்லித் தண்ணீர் வாங்கிக் குடித்தார். நாஷ்டா ஆச்சா என்று கேட்டார். ஆகவில்லை. நானும் துன்னல, எதனா பண்ணும்மா என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். உப்புமா கிளறினார்கள். எல்லாரையும் உட்காரவைத்துத் தானும் சாப்பிட்டார். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தட்டுகளை அவரே கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னார்.

"எல்லாம் தெரிஞ்சிக்கினே எங்ககூட உக்காந்து துன்னாங்க சார். எப்பிடி சார் எறங்குச்சு அவங்களுக்கு?" என்று பேக்கிங்காரர் என்னிடம் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். வேறொரு நாள் அவரே, "அதுக்கப்புறம் எந் தங்கச்சி வாயில பச்சத்தண்ணி எறங்கல சார். அந்த உப்புமாதான் அவள நிக்க வச்சிது" என்றார். இரண்டையும் சொன்னவர் ஒரே ஆள். அந்த அம்மாவைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கும் இந்த இரண்டும் மாறி மாறித்தான் வருகின்றன.

என் மகன் ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்தவன். உள்ளூரிலேயே வேலை கிடைத்திருக்கும். நான் இரண்டு இடங்களில் சொல்லியும் வைத்திருந்தேன். அவன் போய் அந்த டிரான்ஸ்போர்ட்டில் சேர்ந்தான். நாலைந்து லாரிகள் ஒன்றாக மலைக்குப் போகும்போது கூடவே போகும் மெக்கானிக் வேலை. "மேல போயி வண்டி நின்னா என்னடா பண்ணுவ?" என்றேன். "நிக்காம இருக்கத்தாம்பா என்ன அனுப்புறாங்க" என்றான். அந்தப் பதிலுக்கு மேல் எனக்குக் கேள்வி தெரியவில்லை. கவலை மட்டும் தெரிந்தது.

என் கவலையை அடுத்தவர் பங்கிட்டுக்கொள்ள முடியாது என்று என் மனைவி சொல்லுவாள். நான் அந்த அம்மாவிடம் பங்கிட்டேன். மகன் வடக்கே போன நாள் முதல் தினமும் காலையில் குளித்தவுடன் ஆபீசுக்குப் போன் செய்வேன். மேலே சிக்னல் கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் டிரைவர்கள் முதலில் அழைப்பது ஆபீஸைத்தான். அதனால் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

"சார், அந்த மலயே ஒரு வாட்டி உங்களுக்கு போன் பண்ணி, நான் நல்லாகீறேன் சார், ஒண்ணும் பண்ணமாட்டேன் சார்னு சொன்னாத்தான் நீங்க உடுவீங்க போல."

"இல்லம்மா, சும்மா கேட்டேன்."

"சும்மா தெனிக்கும் கேக்கறீங்க."

கேலிதான். ஆனாலும் ஒருநாள்கூட எடுக்காமல் விட்டதில்லை. நான் அவர் சொல்லும் தகவலைக் கேட்டேன் என்று சொல்ல முடியாது. அவர் நாஷ்டா ஆச்சா என்று கேட்கிறாரா இல்லையா என்பதை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்காவிட்டால் அன்றைய பொழுது எனக்குப் பிழைத்தது.

தை மாதத்தில் ஒரு நாள். வழக்கம்போல் பேசினேன். பின்னால் வேறு யாரோ பேசும் சத்தம் கேட்டது. குரலில் வித்தியாசம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

"வண்டி கிளம்பிடுச்சாம்மா?"

"இல்ல சார். ரோடு மூடிக் கீது. எல்லாம் அங்கியேதான் கீறாங்க."

"பையன்?"

"புள்ள இன்னும் எழுந்துக்கல சார். அப்பால கூப்புடறேன்."

அவ்வளவுதான். நாஷ்டாவைப் பற்றி அவர் கேட்கவில்லை. எனக்கு மனசு லேசானது. சாலை மூடியிருக்கிறது, வேலை இல்லை, பையன் நன்றாகத் தூங்குகிறான். வீட்டில்கூட ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்குகிறவன்தானே. என் மனைவி அன்று தோசை ஊற்றினாள். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று வைத்தாள். சாப்பாட்டு டப்பாவைக் கையில் கொடுத்து, கம்பெனி பஸ் நிற்கும் முனை வரை கூடவே வந்தாள். தைக்க வந்த ஜாக்கெட்டுக்கு நூல் வாங்க வேண்டும் என்றாள். நான் வேலைக்குப் போனேன். குழாய்களின் கனத்தை அளந்தேன். மதியம் யாரோ ஏதோ சொன்னதற்குச் சிரித்ததுகூட நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்பைத்தான் இன்றைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை.

நடந்தது இது. சாலை மூடியதால் லாரிகள் வரிசையாக நின்றுவிட்டன. மகன் இருந்த வண்டியின் டிரைவர் கேனில் கொண்டுபோன நம்ம டீசலை டேங்கில் ஊற்றியிருந்தார். அது உறைந்து இன்ஜின் நின்றுபோனது. இன்ஜின் நின்றால் கேபினில் சூடு கிடையாது. ஒரு பெயின்ட் டின்னில் கரியைப் போட்டுப் பற்றவைத்து, கேபினுக்குள் வைத்துக்கொண்டு, காற்று வராமல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் படுத்தார்கள். மூடிய இடத்தில் கரி விஷவாயுவைக் கக்கும், அதற்கு வாசனைகூட கிடையாது. காலையில் பக்கத்து லாரிக்காரர்கள் கதவை உடைத்தபோது டிரைவர் வாந்தி எடுத்துக்கொண்டு எழுந்தார். என் மகன் எழவில்லை. பட்டாளத்துக்காரர்களின் முகாம் பக்கத்தில் இருந்ததால் தூக்கிக்கொண்டு ஓடி ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். நான் போன் செய்தபோது அவன் நினைவில்லாமல் கிடந்தான். நான் குழாய் அளந்துகொண்டிருந்த நேரமெல்லாம் கிடந்தான். சாயங்காலம்தான் கண் திறந்திருக்கிறான்.

புள்ள இன்னும் எழுந்துக்கல. அந்த வாக்கியத்தை எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்துவிட்டேன். அதில் ஒரு பொய்கூட இல்லை.

அவன் ஊர் வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. அதுவரை, பனியில் நனைந்து காய்ச்சல், வந்துகொண்டிருக்கிறான் என்றுதான் சொல்லியிருந்தார்கள். பெரம்பூரில் ரயிலை விட்டு இறங்கியவன் நடையைப் பார்த்தேன். ஒவ்வொரு அடியையும் யோசித்து வைப்பது போல நடந்தான். பேச ஆரம்பித்த வார்த்தை பாதியில் நின்று, பிறகு வந்தது. வீட்டுக்கு வந்ததும், சாக்குப் பையை வைக்கிற மாதிரி நாற்காலியில் தன்னை வைத்துவிட்டு, நடந்ததை அவனே சொன்னான். நான் கத்தினேன். அந்த அம்மாவைப் பற்றித்தான் கத்தினேன். பெற்றவனிடம் மறைக்க இவள் யார், பிள்ளை போயிருந்தால் எனக்கு எப்போது சொல்லியிருப்பாள், ஊரையெல்லாம் தின்னவைத்துச் சொல்கிறவளுக்கு என்னிடம் அதுகூடத் தோன்றவில்லையா என்று என்னென்னவோ சொன்னேன்.

மகன் அவன் அம்மாவைப் பார்த்தான்.

"அவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் என் மனைவி. "எனக்கு சொன்னாங்க."

"எப்போ?"

"அன்னிக்கு காலையிலதான். நீங்க குளிக்கப் போறதுக்கு முன்னாடி. பின்கட்டுல நின்னு பேசினேன்."

"உன்கிட்ட நாஷ்டா ஆச்சான்னு கேக்கலயா?"

"கேக்கல. அவரு பக்கத்துல கீறாரா, கொஞ்சம் தள்ளி வாம்மான்னாங்க. நேரா சொல்லிட்டாங்க. நான்தான் உங்களுக்கு சொல்ல வேணாம்னேன். அவங்களும் அதத்தான் நெனச்சிருந்தாங்க போல, சரின்னாங்க" என்றாள்.

தோசையை வார்த்துக்கொண்டே இருந்த கை நினைவுக்கு வந்தது. பஸ் முனை வரை வந்து நூல் வாங்க வேண்டும் என்று சொன்ன வாய். அந்தப் பகல் முழுக்க அவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாளாம். மெஷின் சத்தம் நின்றால் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து விசாரிப்பார்கள் என்று துணி இல்லாமலே மிதித்துக்கொண்டிருந்தாளாம்.

அதன்பிறகு தெருவில் மற்ற வீடுகளை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன். சில இடங்களில் விசாரித்தேன். எல்லா வீட்டிலும் அவர் முன்னாலேயே நேராகச் சொல்லிவிட்ட ஒருவர் இருந்தார். ஒரு வீட்டில் மாமியார் இருக்க, மருமகளுக்கு மட்டும் தெரிந்திருந்தது. இன்னொரு வீட்டில் பிளஸ் டூ படிக்கிற பெண்ணுக்கு. அவர்களிடமெல்லாம் அவர் நாஷ்டா ஆச்சா என்று கேட்டதே இல்லை. அந்தக் கேள்வி மற்றவர்களுக்குத்தான். தாங்கமாட்டார்கள் என்று அவர் முடிவு செய்து வைத்தவர்களுக்கு. எனக்கு அந்தக் கேள்விகூட இல்லை. அதைக் கேட்டாலே தாங்கமாட்டேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வருடக் குளிருக்கு மகன் மறுபடி கிளம்பினான். நடை சரியாகிவிட்டிருந்தது. பேச்சில் மட்டும், அசதியாக இருந்தால், அந்த நிறுத்தம் வரும். ஆபீசில் இப்போது லாரிகளின் கேபினைச் சூடாக்குகிற ஹீட்டர் வைக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றான். புகை வெளியே போகிற மாதிரி குழாய் உண்டாம். படம் போட்டுக் காட்டினான். என் மனைவி படத்தைப் பார்த்தாள், கேள்விகள் கேட்டாள். நான் படத்தைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் மலையேறிய செய்தி வந்த மறுநாள் காலை, கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால், நேராக அந்த ஆபீசுக்குப் போனேன். அந்த அம்மா மட்டும் இருந்தார். டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இந்த வாட்டி எனக்கு நேரா சொல்லணும்மா," என்றேன். "நல்லதோ கெட்டதோ, எனக்குத்தான் மொதல்ல சொல்லணும்."

"சொல்லி?"

"சொல்லி என்ன? எனக்குத் தெரியணும். நான் அவன் அப்பன்."

"அப்பன்தான் சார். யாரு இல்லன்னா?" டீயை என் பக்கம் நகர்த்தினார். "அன்னிக்கு உங்க ஊட்டம்மாவுக்கு போன் பண்ணேன். முழுசா கேட்டுக்கினாங்க. அப்பால இன்னா கேட்டாங்க தெரியுமா? எந்த ஆஸ்பத்திரி, கூட யாரு கீறாங்க, அவங்களாண்ட இந்தி பேச நம்மாளு உண்டா, இந்த மூணுதான். நீங்க இன்னா கேட்டிருப்பீங்க?"

நான் டீயை எடுத்துக் குடித்தேன்.

"நீங்க நல்லவரு சார். புள்ள மேல உசுரு. ஆனா உங்களாண்ட சொன்னா, அப்பால உங்களயும் நான்தான் பாத்துக்கணும். எனக்கு அங்க வண்டி நின்னுக்கினு கீது."

"இந்தத் தடவை தாங்கிப்பேன்," என்றேன். சொன்னபோது உண்மையாகத்தான் சொன்னேன்.

அவர் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. எண்ணைப் பார்த்தார். "உங்க புள்ள வண்டி இல்ல. உக்காருங்க" என்றார். ஸ்பீக்கரைப் போட்டு, சத்தம் கூடுதலாக வர, போனை ஒரு காலி எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தினார். குரலுக்கு முன்னால் காற்றின் இரைச்சல் வந்தது.

"அக்கா, கிளம்பலக்கா."

"மருந்து ஊத்துனியா?"

"ஊத்துனேன். இப்பத்தான்."

"இப்ப ஊத்தி இன்னாடா பண்றது. சரி உடு. ஃபில்டர அவுத்து சுடுதண்ணியில போடு. நெருப்பு கிட்ட கொண்டும் போவாத. கூட யாரு?"

"மாமாக்கா. படுத்துக்கினு கீறாரு."

"உள்ளவா? கண்ணாடி தொறந்து கீதா?"

காற்று இரைந்தது. பதில் வரவில்லை.

"அத மொதல்ல தொற. ஃபில்டர் கெடக்குது. அவர எழுப்பு. எழுப்பி எங்கிட்ட பேசச் சொல்லு."

கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "மாமா," என்றான் அவன். மறுபடி, "மாமா." எதையோ தட்டுகிற சத்தம். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கண் என் மேல் இல்லை. நான் அந்த அறையில் இருந்ததே அவருக்கு மறந்துபோயிருக்கும். மூன்றாவது தடவை "மாமா" என்று கேட்டபோது நான் எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் மோதியது. அவர் திரும்பவில்லை.

வெளியே வந்து சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றேன். அங்கே லாரிகள் போகிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. ஆபீஸ் வாசல் தெரிந்தது. உள்ளே என்ன நடந்தது, யார் வீட்டு ஆளோ அவர் எழுந்தாரா, வண்டி கிளம்பியதா என்று கேட்க நான் திரும்பிப் போகவில்லை. தேர்வாய் கண்டிகைக்குப் போகும் கம்பெனி பஸ் வந்தது. ஏறி, அந்தப் பக்கம் பார்க்காத சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தேன்.